மழை நனைத்த தானியமும் வெள்ளம் புகுந்த காரும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பிஸ்கட் பொட்டலத்தைக் கூடத் திருப்பிப் பார்த்து, அதில் ஹராமான கொழுப்பு கலந்திருக்கிறதா என்று ஆராய்ந்த பின்னரே பிள்ளைக்குக் கொடுக்கும் சமுதாயம் நாம். ஆனால், பழைய கார் ஒன்றை விற்கும்போது மட்டும் ஹலால், ஹராம் என்ற பேச்சு வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. குறையை மறைத்து விற்பவனைச் 'சாமர்த்தியசாலி' என்கிறோம்; ஏமாந்தவனைப் 'பார்த்து வாங்கத் தெரியாதவன்' என்கிறோம். இந்தத் தலைகீழ் நியாயத்தைத்தான் இக்கட்டுரை கண்டிக்கிறது.

முதலில், பழைய சிறிய காரை வாங்குபவர் யார் என்று சிந்திப்போம். புதிய காரைக் கடனில் எடுத்தால் வட்டி கட்ட நேருமே என்று அஞ்சி, பல ஆண்டுகள் கைக்காசு சேர்த்து, ஒரு பழைய ஆல்டோவையோ வேகன் ஆரையோ சான்ட்ரோவையோ தேடி வருபவர். மூட்டு வலியால் பேருந்துப் படி ஏற இயலாத தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர். அல்லாஹ்வுக்கு அஞ்சிச் சேர்த்த அந்தப் பணத்தைத்தான் நம் சாமர்த்தியம் பறிக்கிறது.

இது கேள்விப்பட்ட கதை அன்று, நமக்கே நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன், தொழுகையில் நம்மோடு ஒரே ஸஃப்பில் நிற்கும் ஒருவரிடமிருந்து 1,85,000 ரூபாய்க்கு ஒரு சிறிய கார் வாங்கினோம். மூன்றாம் மாதம், தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற இரவில், நடுச்சாலையில் விளக்குகள் அணைந்து வண்டி நின்றது. மறுநாள் மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் காய்ந்த சேறு. ஒயர் இணைப்புகள் பச்சை பூத்திருந்தன. வெள்ளத்தில் நின்ற வண்டி அது. விற்றவரிடம் சென்று கேட்டோம். "நீங்கள் கேட்கவில்லையே, ஹஜ்ரத்!" என்றார்.

கேட்காதது நம் குற்றமாம்! உலகச் சட்டம் இந்தப் பதிலுக்கு ஓரளவு இடம் கொடுக்கக்கூடும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், பேச வேண்டிய கடமை உள்ள சூழ்நிலைகளைத் தவிர, வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. ஆனால், முஸ்லிமுக்கு அந்தப் பேச வேண்டிய கடமை எப்போதும் உண்டு. குறையுள்ள பொருளை, அக்குறையை விளக்கிச் சொல்லாமல் தன் சகோதரனுக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. 'கேட்டால் சொல்' என்று மார்க்கம் கூறவில்லை. கேளாமலே சொல்லச் சொல்கிறது.

மதீனாவின் கடைவீதியில் நடந்ததை நாம் அனைவரும் மிம்பரில் கேட்டிருக்கிறோம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. காரணம் கேட்டபோது, மழை பெய்து நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மழை அந்த வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னை மாநகரம் 2015லும் 2023லும் வெள்ளத்தில் மிதந்தது. அப்போது மூழ்கிய வண்டிகளுக்கு உரிமையாளர்கள் பொறுப்பல்லர். ஆனால், கழுவி, காய வைத்து, வாசனைத் திரவியம் அடித்து, வேறு ஊருக்குக் கொண்டு சென்று 'ஒரே ஓனர், சுத்தமான வண்டி' என்று விற்பவர், ஈரத் தானியத்தை அடியில் வைத்தவரின் வாரிசு அல்லவா?

இன்னொரு தீமை, மீட்டரைக் குறைத்து வைப்பது. 1,20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை 45,000 என்று காட்டுவதைத் தொழில் ரகசியம் என்கிறார்கள். நபியவர்கள் காலத்திலும் இதற்கு ஒப்பான செயல் இருந்தது. விற்பதற்கு முன் சில நாள்கள் ஒட்டகத்தையும் ஆட்டையும் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கச் செய்து, மிகுதியாகப் பால் தரும் கால்நடை போல் காட்டுவார்கள். அதை நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் அறிவித்தார்கள். பெருத்த மடிக்கும் குறைத்த மீட்டருக்கும் என்ன வேறுபாடு?

"உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு நான் பொறுப்பில்லை என்று முன்பே சொல்லிவிட்டோமே" என்று சிலர் வாதிடுவர். அத்தகைய நிபந்தனை எந்த அளவுக்குச் செல்லும் என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி என்ற பேதமே இல்லை. விற்றவரிடம் இருந்தபோதே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்ற 'கியாருல் அய்ப்' சட்டத்தை நம் மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். கடைவீதியில் அதை யார் நடைமுறைப்படுத்துவது?

"உண்மையைச் சொன்னால் வண்டி விலை போகாதே!" என்பது கடைசி வாதம். இந்தச் சோதனை நமக்கும் வந்தது. பழுது நீக்கிய அதே காரை நாம் விற்க நேர்ந்தபோது, "வெள்ளச் சங்கதியை யாரிடமும் பேசாதீர்கள், ஹஜ்ரத்" என்றார் தரகர். ஒளிப்பானேன்? இரண்டு நாள்கள் நாமும் மௌனமாகத்தான் இருந்தோம். மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வியாபாரப் பாடம் நடத்த அமர்ந்தபோது நா எழவில்லை. வண்டியின் குறைகளைத் தாளில் எழுதி, வந்தவர்களிடமெல்லாம் கொடுத்தோம். இருவர் திரும்பிச் சென்றனர். மூன்றாமவர், நாம் கேட்ட விலையில் 40,000 ரூபாய் குறைத்து, அனைத்தையும் அறிந்தே வாங்கிச் சென்றார். அந்த 40,000 நமக்கு ஏற்பட்ட இழப்பன்று. ஒருபோதும் நமக்கு உரியதாக இல்லாத பணம். இருவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் சொன்னால் அது அழிக்கப்படும் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நம்புகிறவருக்கு வேறு கணக்கு எதற்கு?

ஆகவே, விற்பவர்களே! விபத்து, வெள்ளம், டிங்கரிங், மாற்றிய பாகங்கள், உண்மையாக ஓடிய கிலோமீட்டர், நிலுவையிலுள்ள கடன், அபராதம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். படிவம் 29, 30 இரண்டையும் கையொப்பமிட்டதோடு நில்லாமல், ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை உடன் நில்லுங்கள். வாங்குபவர்களே! நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. மெக்கானிக்கோடு சென்று தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் பதிவுகளை மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஆனால், விற்பவரின் அவசரத்தைப் பயன்படுத்தி அடிமாட்டு விலை கேட்காதீர்கள்.

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை விலை பேசப்பட்டது. அது அதற்கும் மேல் பெறும் என்று கண்ட அவர்கள், விற்பவரிடம் தாமே விலையை உயர்த்தி, 800 திர்ஹம் கொடுத்து வாங்கியதாகத் தப்ரானியில் பதிவாகியுள்ளது. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் செய்த உறுதிமொழியே அதற்குக் காரணம். வாகனம் வாங்கியவர்கள்தாம் அவர்களும்.

நம் ஜும்ஆ மேடைகள் இதைப் பேசட்டும். தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நின்றவர், வெளியே வந்ததும் அந்தத் தோளில் சேற்று வண்டியைச் சுமத்தலாகுமா? அல்லாஹ் நம் வியாபாரங்களைத் தூய்மைப்படுத்துவானாக! ஆமீன்.