வரைபடம் பாடுவதில்லை

மே மாதம் வந்து யூரோவிஷன் பாட்டுப் போட்டி நெருங்கினால் ஐரோப்பாவில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: "பாட்டைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? எந்த நாட்டுக்கு எது அண்டை நாடு என்று பார்த்தால் போதும், யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடலாம்." படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். பிரிட்டனில் பல்லாண்டுகள் இந்தப் போட்டிக்கு வர்ணனை செய்த டெர்ரி வோகனே, இது இனி இசைப் போட்டி அல்ல என்ற மனக்கசப்போடு 2008-க்குப் பிறகு விலகிக்கொண்டார். ஆனாலும் இந்த நம்பிக்கை பிழையானது. இதனால் விளையும் கேடும் சிறியதல்ல.

அண்டை நாட்டுப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 புள்ளிகளை அள்ளிக் கொடுப்பது அரங்கில் இருப்பவர்கள் முன்கூட்டியே ஆரவாரம் செய்யும் அளவுக்குப் பழகிப்போன காட்சி. சரி, அந்தப் பாசம் சைப்ரஸுக்கு எதைப் பெற்றுத் தந்தது? 1981-இல் போட்டிக்குள் வந்த அந்த நாடு 2025 வரை ஒருமுறைகூட வென்றதில்லை. கணக்கும் எளியது. ஒரு நாட்டின் நடுவர் குழு அதிகபட்சம் 12 புள்ளி தரலாம், அந்நாட்டு மக்கள் வாக்கு இன்னொரு 12 தரலாம். ஐந்து அண்டை நாடுகள் முழுமையாக வாரி வழங்கினாலும் 120-தான். 2025-இல் ஆஸ்திரியா வென்றது 436 புள்ளிகளோடு. மீதியை முன்பின் உறவில்லாத நாடுகள்தான் தரவேண்டும்.

"ஐரோப்பாவுக்கு நம்மைப் பிடிக்காது" என்பது பிரிட்டனில் இதே நம்பிக்கையின் இன்னொரு முகம். 2021-இல் பிரிட்டன் ஒரு புள்ளியும் பெறாமல் கடைசியில் நின்றபோது பலர் பிரெக்ஸிட்டின் மேல், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதன் மேல், பழியைப் போட்டார்கள். மறு ஆண்டே பிரிட்டனின் பாடகர் சாம் ரைடர் 466 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பிடித்தார். நடுவர் குழுக்களின் தேர்வில் அவரே முதலிடம். ஓராண்டில் ஐரோப்பாவின் வெறுப்பு ஆவியாகிவிட்டதா? பிரெக்ஸிட் ரத்தானதா? மாறியவை பாடகரும் பாட்டும்தான்.

வரைபடத்தை வைத்து வெற்றியாளரைச் சொல்ல முடியுமென்றால், பணத்தைக் கட்டிக் காத்திருக்கும் பந்தயக்காரர்கள் தோற்கவே கூடாது. 2016-இல் அவர்கள் ரஷ்யா என்றார்கள். வென்றது உக்ரைனின் ஜமாலா. நடுவர்களிடம் ஆஸ்திரேலியாவும் மக்களிடம் ரஷ்யாவும் முதலிடம் பெற, இரண்டு பட்டியலிலும் இரண்டாவதாக வந்தவர் அவர். 2017-இல் இத்தாலி என்றார்கள். அது ஆறாம் இடத்துக்குச் சரிந்தது. வென்ற போர்ச்சுகலுக்கு நில எல்லையைப் பகிரும் நாடு ஸ்பெயின் ஒன்றுதான். 1964-இல் போட்டிக்குள் வந்தும் அதுவரை வெற்றியே காணாத போர்ச்சுகலுக்காக சால்வடோர் சோப்ரால் தாய்மொழியில், அடங்கிய குரலில் பாடி 758 புள்ளிகள் பெற்றார். 2025-இல் ஸ்வீடன் என்றார்கள். அது நான்காவதாக வந்தது. ஒத்திகைக் காட்சிகள் வெளியானதும் பந்தய விகிதம் ஏறி இறங்குகிறதே, அந்த வாரத்தில் எந்த நாட்டின் எல்லை இடம் மாறியது?

2022-இல் உக்ரைன் வென்றதைச் சொல்லி என்னை மடக்குவார்கள். போர் தொடுக்கப்பட்ட நாட்டின் மேல் எழுந்த பரிவு அந்த வாக்குகளில் இருந்தது உண்மைதான். நடுவர் குழுக்கள் நான்காம் இடத்தில் வைத்த பாடலுக்கு மக்கள் 439 புள்ளிகளைக் கொட்டினார்கள். அது ஒரு கண்டமே கொண்ட பரிவு. போர்க்கால விதிவிலக்கு ஒன்றைக் காட்டி, அதையே அத்தனை ஆண்டுகளுக்கும் விதியாக்குவது நேர்மையல்ல.

இந்த நம்பிக்கையின் பெரிய தீங்கு இனிமேல்தான். எல்லாமே அரசியல் என்று சொல்பவருக்கு, உண்மையான முறைகேடு நடக்கும்போது அதிர்ச்சியே வருவதில்லை. 2022-இன் இரண்டாம் அரையிறுதியில் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்கள் ஒழுங்குமீறிய முறையில் வாக்களித்ததாகக் கண்டறியப்பட்டு, அவர்களின் புள்ளிகள் நீக்கப்பட்டன. 2025-இல் ஒருவர் 20 முறை வாக்களிக்க விதி இடம் கொடுத்தது. அரசு ஆதரவோடு நடந்த வாக்குச் சேகரிப்பு விளம்பரங்கள் பெரும் சர்ச்சையாயின. எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த வாக்கு வரம்பு 10 ஆகக் குறைக்கப்பட்டது. இவற்றைத் தட்டிக்கேட்டவர்கள், போட்டி நேர்மையாக நடக்க முடியும் என்று நம்பியவர்கள். "எப்போதும் இப்படித்தான்" என்று கைவிரித்தவர்களால் எந்த விதியும் திருந்தவில்லை.

மூன்று நிமிடப் பாட்டுக்காக மாதக்கணக்கில் உழைத்த கலைஞரை அவர் வாய் திறக்கும் முன்பே வரைபடத்தைக் காட்டி மட்டம் தட்டுவது அநியாயம். முறைகேடு நடந்தால் எந்த நாடு, எந்த விதி, எத்தனை வாக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதைச் செய்ய விருப்பமில்லாதவர்கள், குறைந்தபட்சம் பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.