சதுர அடி விலையை மட்டும் பார்த்து டைல்ஸ் வாங்காதீங்க!

ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டு சிமென்ட் தரை வெடித்துப்போனதால், டைல்ஸ் பார்க்க உத்தமபாளையம் போனோம். ஹால் 10-க்கு 12. அப்பா 120 சதுர அடிக்குத்தான் காசு வைத்திருந்தார். வெட்டுச் சேதாரம் 10 சதவிகிதம் சேர்த்தால் 132. இரண்டடி டைல் நான்கு இருக்கும் பெட்டி சுமார் 15.5 சதுர அடிதான். ஆக, 9 பெட்டி! கூலி, சிமென்ட், மணல், ஸ்கர்ட்டிங் தனி. பழைய தரை மேலேயே ஒட்டினால் கதவின் அடியை அறுக்கும் செலவும் உண்டு.

அப்பாவுக்குப் பளபள டைல் மேல் கண். அப்பத்தாவோ சாம்பிளில் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தது. ‘ஏய்யா, இதுல வழுக்கி விழுந்தா நான் எந்திரிக்கவே மாட்டேன்!’

மேட் ஃபினிஷ் வாங்கினோம். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் நம்பரா என்று பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினோம். மாறினால் நிறம் லேசாக வித்தியாசப்படும். மிஞ்சிய டைல்கள் பரணில் இருக்கின்றன.