மூன்றாம் நாள் கேட்க வேண்டிய கேள்வி

வெள்ளறடையிலிருந்து பனச்சமூட்டுக்குச் செல்பவர், கேரளம் எங்கே முடிந்து தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தே அறிய வேண்டியிருக்கும். சந்தை ஒன்று, மாநிலம் இரண்டு. இப்பகுதியில் காய்ச்சல் கண்டவர் நெய்யாற்றின்கரைக்கும் போவார், காரக்கோணத்துக்கும் போவார், மார்த்தாண்டத்துக்கும் போவார். அவர் உடலிலுள்ள கிருமியும் உடன் செல்கிறது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள மாநில அளவில் செயல்திட்டம் வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம், ஆண்டு 2018. மருத்துவர் சீட்டின்றி நுண்ணுயிர் எதிர்ப்பி விற்கும் கடைகளைக் கண்டறிய, 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்னும் திடீர்ச் சோதனைகளையும் தொடங்கியது. சீட்டின்றி விற்கலாகாது என்பது கேரளத்துக்கு மட்டுமான சட்டமன்று. 2014 மார்ச் முதல் நாடெங்கும் நடைமுறையிலுள்ள எச்1 அட்டவணையின்படி, அதில் அடங்கிய மருந்தை விற்பவர் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே, ‘அந்தப் பக்கத்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்’ என்று எவரேனும் சொன்னால், சட்டம் வேறுபடுகிறது என்று பொருளன்று. பழக்கம் தளர்ந்திருக்கிறது என்றே பொருள்.

கடைகளைக் கண்காணிப்பது தேவையே. ஆயினும், கடினமான பணி மருத்துவமனைக்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு, கிருமி எதுவென்று தெரியுமுன்பே பலவகைக் கிருமிகளைத் தாக்கும் மருந்தைத் தொடங்குவது தவறன்று, தாமதமே ஆபத்து. ஆனால் இயன்றவரை முதல் ஊசிக்கு முன்பே இரத்தமோ சிறுநீரோ கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுக்கப்பட வேண்டும். இரண்டு மூன்று நாளில் முடிவு வந்ததும் மருந்தைத் தொடர்வதா, எளியதாக மாற்றுவதா, நிறுத்துவதா என மருத்துவர் மீண்டும் முடிவெடுக்க வேண்டும். இந்த மறுபார்வைதான் எளிதில் நழுவிப்போகிறது. காய்ச்சல் தணிந்துவிட்டது, இனி ஏன் மாற்றுவானேன் என்ற தயக்கம் இயல்பானது.

அதற்கு நாமும் ஒரு காரணம். பெரும்பாலான அறுவை சிகிச்சைகளில், கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் தரப்படும் ஒரு தவணையே தொற்றைத் தடுக்கப் போதுமானது. ஆனால் வீடு திரும்பும்போது ஐந்து நாள் மாத்திரை எழுதித் தராத மருத்துவரை உறவினர் ஐயத்துடன் பார்க்கிறோம். சளிக்காய்ச்சலுக்கு மருந்து எழுதாதவரிடம் மறுமுறை செல்வதில்லை. (அவர் வாங்கிய ஆலோசனைக் கட்டணம் மட்டும் நெடுநாள் நினைவிலிருக்கும்.)

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக, 2019-இல் உலகெங்கும் 12.7 இலட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். பிழைத்தவர்களுக்கும் மருத்துவமனை நாட்கள் நீள்கின்றன. விலை உயர்ந்த ஊசிகள் தேவைப்படுகின்றன. நிரந்தர வைப்பை இடையில் முறித்து மருத்துவமனைக் கட்டணம் செலுத்திய குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மருந்தை நாமாக நிறுத்துவது தீர்வாகாது. கட்டிலருகே நிற்பவர், ‘இதைவிட வலிய மருந்து இல்லையா’ என்பதற்குப் பதிலாக, ‘பரிசோதனை முடிவு வந்துவிட்டதா, இதே மருந்து தொடர வேண்டுமா’ என்று மூன்றாம் நாள் மரியாதையுடன் கேட்கலாம். மருத்துவமனைகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற பட்டியலை ஆண்டுதோறும் தயாரித்து, எல்லையின் இருபுறத்து மருத்துவமனைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மார்த்தாண்டத்தில் சேர்க்கப்படும் வெள்ளறடை நோயாளிக்கு முதல் ஊசியைத் தேர்வு செய்ய அப்பட்டியல் அன்றைக்கே உதவும்.