பீர்ப் பந்தலில் ஒரு பகல்

சகோதரிகளே! இந்த வாரம் உங்களை அழைத்துப் போகும் இடத்தின் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஜெர்மனியின் தெற்கே பவேரியா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகர் மியூனிக். அங்கே ஆண்டுதோறும் செப்டம்பர் நடுவில் தொடங்கி, அக்டோபர் முதல் வாரத்தில் முடிகிற அக்டோபர் விழாவுக்குத்தான் போகிறோம். "அது பீர் குடிக்கிறவர்கள் கூடும் இடமல்லவா? குடும்ப ஸ்திரீகளுக்கு அங்கே என்ன வேலை?" என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் என் கணவரிடம் இதையேதான் கேட்டேன். பிறகு போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

இது ஒரு கல்யாணத்தில் பிறந்த விழா. 1810-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் இளவரசி தெரஸாவுக்கும் விவாகம் நடந்தது. ஊர் ஜனங்களும் கொண்டாட்டத்தில் கலந்துகொண்டார்கள். ஐந்து நாள் கழித்து ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் குதிரைப் பந்தயம் வைத்தார்கள். அந்த மைதானத்துக்கு மணப்பெண்ணின் பெயரையே சூட்டினார்கள். இன்றும் அது தெரஸாவின் புல்வெளிதான். மாப்பிள்ளை பெயரை வைக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குளிருக்குப் பயந்து பின்னாளில் விழாவைச் செப்டம்பருக்கு நகர்த்தினார்கள். 'அக்டோபர்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

முதல் நாள் உச்சி வேளையில், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நகர மேயர் மரச் சுத்தியலால் பீப்பாயில் குழாயை அடித்து இறக்குகிறார். எத்தனை அடியில் இறக்கினார் என்று ஊரே எண்ணுகிறது! மியூனிக்கின் ஆறு மதுவாலைகளின் பீருக்கு மட்டுமே அங்கே அனுமதி. ஒரு பெரிய பந்தலில் ஆயிரக்கணக்கான பேர் நீள நீளமான பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். 2023-ல் மட்டும் 72 லட்சம் பேர் வந்தார்களாம். தவறவிட்ட பொருள்களைச் சேர்த்து வைக்கும் அலுவலகத்துக்குப் பொய்ப்பல் செட்டுகூட வந்து சேர்வதுண்டு என்றால், கூட்டத்தையும் குஷியையும் நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அங்கே பெரிய அதிசயம் பரிமாறும் பெண்கள்தான். ஒரு லிட்டர் பீர் நிறைந்த கண்ணாடிக் கோப்பை இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது. அப்படிப் பத்துக் கோப்பைகளை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு, சிரித்த முகத்துடன் வருகிறார்கள். நம் வீட்டுக்கு வரும் அரிசிச் சிப்பத்தை மார்போடு அணைத்து நாள் முழுவதும் நடப்பதாக நினைத்துப் பாருங்கள்! அவர்கள் உடுத்தும் 'டிர்ண்டில்' என்ற பாவாடையின் மேல் கட்டும் முன்றானைத் துணியிலும் ஒரு சேதி இருக்கிறது. முடிச்சு இடப் பக்கம் இருந்தால் கன்னிப் பெண். வலப் பக்கம் இருந்தால் கல்யாணமானவள். தாலியைப் பார்ப்பதற்குப் பதில் முடிச்சைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். வறுத்த அரைக் கோழிக்குத்தான் அங்கே ஏகப்பட்ட கிராக்கி. மரக்கறிக்காரர்களும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தாம்பாளம் போல அகன்ற, உப்புத் தூவிய 'பிரெட்ஸல்' ரொட்டி இருக்கிறது. வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி, உப்பிட்டு, அது நீர் விட்டதும் தின்னத் தருகிறார்கள். பாலாடைக்கட்டியில் புரட்டி, வதக்கிய வெங்காயம் தூவிய குட்டி மாவுருண்டைகளும் உண்டு. 'கைஸர்ஷ்மார்ன்' என்று ஒரு பலகாரம்: முட்டை சேர்த்த தடித்த தோசையைப் பிய்த்துப் போட்டு, திராட்சையும் சர்க்கரையும் சேர்த்து, பழக்கூழுடன் கொடுக்கிறார்கள். தோசை பிய்ந்து போனால் நாம் வருத்தப்படுவோம். அவர்கள் அதற்கு ராஜாவின் பெயரே வைத்துவிட்டார்கள்!

"சரி, நீ குடித்தாயா?" என்று கேட்பீர்கள். கேட்காமல் விடுவீர்களா? அவர் கோப்பையிலிருந்து இரண்டே வாய். முதல் வாய் கசந்தது. இரண்டாவது அவ்வளவாகக் கசக்கவில்லை. மூன்றாவதற்கு நான் போகவில்லை. எலுமிச்சைப் பானம் வரவழைத்துக்கொண்டேன். யாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கவில்லை.

குடி என்றதும் நம் வயிறு கலங்குவது நியாயந்தான். ஒளிந்து குடிக்கும் ஆண்பிள்ளையையும், அரிசிக்கு வைத்த பணம் கரைவதையும், நடு இரவு வரை விழித்திருக்கும் மனைவியையும் நாம் பார்த்திருக்கிறோம். எங்கள் மேஜைக்கு எதிரே ஒரு தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன். தாத்தா ஒரு கோப்பையை முடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கையை உயர்த்தினார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். உயர்ந்த கை மெல்ல இறங்கிவிட்டது. அந்தப் பாட்டி பக்கத்தில் இருந்ததுதான் அங்கே வித்தியாசம்.

அதற்காக, அங்கே எல்லாம் சரி என்று மயங்கிவிடாதீர்கள். அந்த பீர் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு சாராயச் சத்து உள்ளது. பொழுது சாயச் சாயத் தள்ளாடுகிறவர்களும், அவர்களைத் தூக்கிச் செல்லும் சிகிச்சைக்காரர்களும் கண்ணில் படுகிறார்கள். ஆபத்தில் மாட்டும் பெண்கள் வந்து ஒதுங்குவதற்கென்றே 2003-லிருந்து தனியிடம் வைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இரவு எட்டு மணிக்கு மேல் பந்தலில் இருக்க விடுவதில்லை.

மகளோ மருமகளோ மியூனிக்கிலிருந்து அழைத்தால் தயங்காமல் போய் வாருங்கள். மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும் பையை உள்ளே விட மாட்டார்கள். ஆகையால் புளியோதரை மூட்டை வேண்டாம். வாரநாளில் மத்தியானம் போய், வயிறாரச் சாப்பிட்டு, பாட்டுக் கச்சேரியைக் கேட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள். உடன் வந்தவர் "இன்னும் ஒன்றே ஒன்று" என்றால், ரொட்டித் தட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.