ஐந்தாம் அச்சம்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்பட்டே தீரும் என்பதை நன்குணர்ந்தவர் தொல்காப்பியர். அதனாலன்றோ பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனியோர் இயலையே வகுத்தார்! எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம், தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்பது அவர் கருத்து. இன்றைய மாணவர்களைப் பொறுத்தவரை இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியுள்ளது. அதுதான் தேர்வு.

இதனை மிகைக்கூற்று என எவரும் எண்ண வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் தேர்வுக்கூடம் ஒன்றில் மேற்பார்வைப் பணியில் இருந்தேன். மாணவர் ஒருவர் உள்ளங்கையைக் கைக்குட்டையால் மீண்டும் மீண்டும் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது, உதடுகள் உலர்ந்திருந்தன, மேசைக்கு அடியில் கால்கள் நடுங்கின. துண்டுத்தாள் மறைத்து வைத்திருக்கிறார் என்றே முடிவு கட்டினேன். அனைவர் முன்னிலையிலும் எழச் செய்து சோதித்தேன். கைக்குட்டையில் வியர்வையன்றி வேறொன்றும் இல்லை. வருத்தம் தெரிவித்து அமரச் செய்தேன். ஆயினும் அதன்பின் அவரால் எழுத இயலவில்லை. மணி அடிக்கும் முன்பே, பெரும்பகுதி வெறுமையாக இருந்த விடைத்தாளைக் கொடுத்துவிட்டுத் தலைகவிழ்ந்து வெளியேறினார். மெய்ப்பாட்டியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நான், கண்ணெதிரே நின்ற மெய்ப்பாட்டைப் படிக்கத் தவறினேன். அத்தவற்றின் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த மாணவருக்கு நேர்ந்தது யாது? நம் விருப்பத்தை எதிர்பாராமல் இயங்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் இரு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் உடலை முடுக்குவன. எதிர்ப்பரிவு நரம்புகள் உடலை அமர்த்துவன. ஆபத்து எனக் கண்டவுடன் முன்னவை விழித்தெழுகின்றன. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சொரிகின்றன. இதயம் விரைகிறது; வாய் உலர்கிறது; கை வியர்க்கிறது; செரிமானம் தளர்கிறது. எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் இவ்வாயத்தத்தை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். புலியின் முன் இஃது உயிர்காக்கும். வினாத்தாளின் முன்னரோ போரிடவும் இயலாது, ஓடவும் இயலாது. எனினும் புலிக்கும் வினாத்தாளுக்கும் உள்ள வேறுபாட்டை அந்நரம்புகள் அறியா.

சிறிதளவு பரபரப்பு நன்றே. அது சோம்பலை விரட்டும். ஆனால் நாள்தோறும் நாண் ஏற்றியபடியே வைத்திருக்கும் வில் வலுவிழப்பது போல, ஓய்வின்றி முடுக்கப்படும் உடலும் தளர்ந்துபோகும். கனடாவில் ஆய்வு நிகழ்த்திய ஹான்ஸ் செல்யே, இடையறாத இடருக்கு உள்ளான எலிகளின் அட்ரினல் சுரப்பிகள் வீங்குவதையும் இரைப்பையில் புண் தோன்றுவதையும் கண்டு 1936இல் வெளியிட்டார். மனிதரிடத்தும் நெடுநாள் நெருக்கடி தடயம் பதிக்காமல் போவதில்லை. உறக்கமின்மை, காரணமறியாத தலைவலி, கழுத்திலும் தோளிலும் இறுக்கம், வயிற்றுக் கோளாறு, எளிதில் சினம் மூளுதல், படித்ததே நினைவில் நில்லாமை ஆகியன நரம்பு மண்டலம் நமக்கு எழுதும் கடிதங்கள். நாமோ அவற்றைப் பிரித்துப் படிக்காமல், ‘சோம்பேறி’, ‘கோழை’, ‘இறை நம்பிக்கை குறைந்தவன்’ என்று முகவரியை மாற்றி எழுதிவிடுகிறோம்.

இக்குறைபாட்டை நம் முன்னோர் இவ்வாறு நோக்கவில்லை என்பது ஈண்டு கருதத்தக்கது. பல்கு நகரத்தைச் சார்ந்தவரும் 934இல் மறைந்தவருமான அபூ ஸைத் அல்பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை உடல்நலத்திற்கு ஒரு பகுதியும் உள்ளநலத்திற்கு ஒரு பகுதியுமாக இயற்றினார். அச்சத்தையும் துயரத்தையும் பழிக்கத்தக்க குற்றங்களாகக் கொள்ளாமல், மருந்து தேட வேண்டிய நோய்களாகவே அவர் ஆராய்ந்தார். உடற்பிணிக்கு முன்னெச்சரிக்கையாக மருந்தை வீட்டில் வைத்திருப்பது போல, உள்ளத்தைத் தேற்றும் நல்லெண்ணங்களையும் நலமான காலத்திலேயே சேமித்து வைக்குமாறு அறிவுறுத்தினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இத்தெளிவு இன்று நம் இல்லங்களில் இருக்கிறதா?

மாணவச் செல்வங்களே! உடல், உள்ளம், பழக்கம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பேணுவதே முழுமையான வழி. இதயத்துடிப்பை ஆணையிட்டு நிறுத்த முடியாது. மூச்சை நெறிப்படுத்த முடியும். நான்கு எண்ணும் அளவு உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவு மெல்ல வெளிவிடுங்கள். வெளிமூச்சின்போது வேகஸ் என்னும் நரம்பின் வழியே இதயம் தணிகிறது. ஐந்து நிமிடம் போதும். ஆனால் தேர்வன்று முதன்முறையாகத் தொடங்காமல் இன்றே பழகுக. தோள், கை, கால் தசைகளைச் சற்று இறுக்கிப் பின் தளர்த்துவது மற்றொரு பயிற்சி. நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள். விடுதியில் விடிய விடியத் தேநீர் அருந்திக் கண்விழிப்பதைக் கைவிடுங்கள். படித்தது நிலைபெறுவது உறக்கத்தில்தான். தொழுகையில் ஈடுபடுவோர் அதனை விரைந்து முடிக்கும் கடமையாகக் கொள்ளாமல் நிதானத்துடன் நிறைவேற்றினால், அவ்வமைதி உடலுக்கும் எட்டும்.

இப்பயிற்சிகள் பாடம் படிப்பதற்கு மாற்றல்ல, மருத்துவத்திற்கும் மாற்றல்ல. துயரமும் உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுவதில் நாணம் வேண்டா. வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டினாலோ ஒரு நாளும் காத்திராமல் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். 2022இல் இந்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

எனினும் சுமை முழுவதையும் மாணவர் தலையிலேயே ஏற்றி, மூச்சுப் பயிற்சி செய்க எனக் கூறி ஒதுங்குவது நேர்மையாகாது. புலியைக் கூண்டிலிருந்து அவிழ்த்துவிட்டவர் நாமே. திருமண வீட்டில் நலம் வினவும் முன் மதிப்பெண்ணை வினவும் சமுதாயப் பெரியோர்களே, அவ்வினாவைச் சற்று ஒத்தி வையுங்கள். பெற்றோர்களே, அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். என்னை ஒத்த ஆசிரியப் பெருமக்களே, வினாத்தாள் வழங்கும் முன் ஒரு நிமிடம் அனைவரும் அமைதியாக அமர்ந்து மூச்சுவிட இடமளிப்போம். நடுங்கும் கையைக் கண்டால் ஐயத்தோடு அணுகாமல் ஒரு குவளைத் தண்ணீரோடு அணுகுவோம்.

வெளியேறிய அம்மாணவரைப் பின்தொடர்ந்து சென்று நான் பேசியிருக்க வேண்டும். அன்று அதைச் செய்யவில்லை. இன்று இதை வாசிக்கும் மாணவர் எவரேனும் வியர்த்த உள்ளங்கையுடன் அமர்ந்திருந்தால், துறையின் கதவைத் தயங்காமல் தட்டுக. உங்கள் மெய்ப்பாட்டைப் படிக்க இப்போது கற்றுக்கொண்டு வருகிறேன்.