ஏழு பேர் கணக்கு

பிள்ளை தேசிய சேவைக்குப் போன வீடுகளில் சில புதிய சொற்களும் குடியேறிவிடுகின்றன. செக்‌ஷன், பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன். “இப்பதானே ஆர்மிக்குப் போனான், அதுக்குள்ள எந்தக் கம்பெனியில வேலை?” என்று பாட்டி ஒருவர் கேட்ட வீடு எனக்குத் தெரியும். எல்லாரும் சிரித்தார்களே தவிர, யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. இந்த வாரம் அந்தப் பாட்டிக்காக.

நம் காலாட்படையில் ஒரு செக்‌ஷனுக்கு 7 பேர். பொறுப்பாளர் ஒரு சார்ஜன்ட். மூன்று செக்‌ஷன்கள் சேர்ந்து ஒரு பிளட்டூன். அதற்கு ஒரு லெஃப்டினன்ட். சில பிளட்டூன்கள் சேர்ந்தால் கம்பெனி, கேப்டன் தலைவர். கம்பெனிகள் சேர்ந்தது பட்டாலியன். பல நூறு பேர், மேலே லெஃப்டினன்ட் கர்னல். அதற்கும் மேலே பிரிகேட், டிவிஷன் என்று ஆயிரக்கணக்கில் விரியும். பாட்டியைக் குழப்பிய ‘கம்பெனி’ என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர்கள் என்று பொருள். வியாபாரத்துக்கும் படைக்கும் ஒரே சொல் வந்தது அப்படித்தான்.

இந்த ஏணி புதிதல்ல. ரோமானியப் படையில் ஒரே கூடாரத்தில் தங்கும் 8 பேர்தான் அடிப்படை. அப்படிப் பத்துக் கூடாரம், 80 வீரர்கள், ஒரு தலைவருக்குக் கீழ். செங்கிஸ்கானின் மங்கோலியர் 10, 100, 1,000, 10,000 என்று பத்தின் மடங்கில் படையைக் கட்டினர்.

நம் பாட்டிமார் கதையில் கேட்ட அக்குரோணி நினைவிருக்கிறதா? பாரதப் போரில் மொத்தம் 18 அக்குரோணி என்பார்களே, அதன் கணக்கும் சிறியதில்தான் தொடங்குகிறது. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாட்கள் சேர்ந்தது ஒரு பத்தி. மூன்று பத்தி ஒரு சேனாமுகம், மூன்று சேனாமுகம் ஒரு குல்மம் என்று மும்மூன்றாக ஏழு படி ஏறி, கடைசியில் பத்தால் பெருக்கினால் 21,870 தேர் கொண்ட ஓர் அக்குரோணி. கதைக் கணக்குதான். ஆனாலும் அந்த மூன்று இன்றைய பிளட்டூனிலும் இருக்கிறது.

ஏன் மூன்று? இரண்டு குழு முன்னே போனால், மூன்றாவது கையிருப்பாக நிற்கும். எங்கே இடிக்கிறதோ அங்கே அதை அனுப்பலாம். அதோடு, சத்தமும் பயமும் சூழ்ந்த நேரத்தில் ஒரு மனிதரால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கவனிக்க முடிவது சிலரைத்தான். லெஃப்டினன்ட் எல்லாரிடமும் தனித்தனியாகக் கத்த வேண்டியதில்லை. மூன்று சார்ஜன்ட்களிடம் சொன்னால் போதும். நேரடியாக இருபது பேர் தனக்குக் கீழே என்று பெருமைப்படும் அலுவலக மேலாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். மகன் எந்த பிரிகேட் என்று உறவினரிடம் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அவனுக்குக் காய்ச்சலா, முழங்கால் வலியா, மனசு சரியில்லையா என்பதை முதலில் பார்க்கக்கூடியவர் அந்த செக்‌ஷன் சார்ஜன்ட். பெரும்பாலும் அவருக்கும் இருபது வயதுதான், அவரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. “வலியைச் சொன்னால் கேலி செய்வார்கள்” என்று நம் பையன்கள் மறைப்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். மறைத்தவன் அணிவகுப்பின் நடுவே விழுந்தால், அவன் சுமையையும் சேர்த்துத் தூக்குவது மற்ற ஆறு பேர்.

வார இறுதியில் மகன் வீட்டுக்கு வரும்போது, “சாப்பாடு எப்படி?” என்று கேட்ட கையோடு, “உன் செக்‌ஷன்ல யார் யாரு?” என்றும் கேளுங்கள். ஆறு பெயரும் தயங்காமல் வந்தால் நிம்மதி. ஒரு பெயரும் வரவில்லை என்றால், துணி துவைப்பது இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுங்கள்.