பேறுகால மனச்சோர்வு ஈமானின் குறையன்று

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையைப் பத்துப் பருவங்களில் வைத்துப் பாடுகிறது. முதலாவதாகிய காப்புப் பருவமே மூன்றாம் திங்களுக்குரியது என்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது இஸ்லாமியப் புலவர்கள் பாடிய பிள்ளைத்தமிழும் இம்மரபினதே. அதற்கு முந்திய நாள்களில் ஈன்றவளின் உள்ளம் எந்நிலையில் இருந்தது என்பது பாடுபொருளாகவில்லை. இலக்கியத்தின் இவ்விடைவெளி நம் இல்லங்களிலும் இருக்கிறது.

கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் பன்மடங்கு பெருகுகின்றன. நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாள்களுக்குள் அவை சரிந்துவிடுகின்றன. புரோஜெஸ்டிரோனிலிருந்து உருவாகி மூளையை அமைதிப்படுத்தும் பொருளும் உடன் குறைகிறது. பலர் மூன்றாம் நான்காம் நாளில் காரணமின்றி அழுது, இரு வாரங்களுக்குள் தெளிந்துவிடுகின்றனர். சிலர் தெளிவதில்லை. உறக்கமின்மை, குழந்தையிடம் பற்றின்மை, குற்றவுணர்வு, சாவெண்ணம் என அது நோயாக முற்றுகிறது. 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, இந்தியத் தாய்மாருள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் இதற்கு ஆளாவதாகக் கணித்தது. ஹார்மோன் ஒன்றே காரணம் என்பதும் பிழையாம். வறுமையும், கணவனின் கொடுமையும், பெண்மகவு பெற்றாள் என்னும் ஏச்சும் உடன் சேர்கின்றன.

நாம் செய்வதென்ன? "ஈமான் குறைந்துவிட்டது" என்கிறோம். "ஷைத்தான் தீண்டிவிட்டது" என்கிறோம். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி ஓதிய நீரோடும் தாயத்தோடும் ஏழு மாதங்கள் கிடந்த பின்னரே மருத்துவரைக் கண்டாள். துஆ வேண்டாம் என்று யான் கூறவில்லை; துஆவோடு நின்றுவிடுவதையே மறுக்கிறேன். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளப் பணித்தவர் பெருமானார் (ஸல்) அல்லரோ? திருமறையின் 19ஆம் அத்தியாயத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேற்று வலியால் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கிய மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கலாகாதா என ஏங்குகிறார். அவ்வேக்கத்திற்காக அவர் அங்கே கடியப்படவில்லை. கவலற்க என்னும் ஆறுதல் வருகிறது. காலடியில் நீரும், மரத்தில் கனியும் காட்டப்படுகின்றன.

இந்நோய்க்கு மருத்துவம் உண்டு. பேற்றுக்குப்பின் தைராய்டு சுரப்பி பழுதுபட்டாலும் இவ்வறிகுறிகள் தோன்றுமாதலால் முதலில் குருதிச் சோதனை வேண்டும். மிதமான நிலைக்கு உளவியல் ஆலோசனை போதும். கடுமையாயின் மருத்துவர் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைத் தருவார். அம்மருந்து தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலப்பதால், பொதுவாகப் பாலூட்டலை நிறுத்த வேண்டுவதில்லை. மேற்கூறிய மூளைப்பொருளைப் போலச் செயற்படும் சுரனோலோன் என்னும் 14 நாள் மாத்திரைக்கு அமெரிக்கா 2023இல் ஒப்புதல் அளித்தது. இல்லாத குரல்கள் செவியில் விழுந்தாலோ, தன்னையோ மகவையோ மாய்க்க எண்ணினாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. அன்றே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

நாற்பதாம் நாள் குளிப்பையொட்டி, ஆறாம் வாரத்தில், குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டு செல்கிறோம். அதன் எடையைப் பார்க்கிறார்கள்; குறித்துக்கொள்கிறார்கள். அதனை ஏந்தி நிற்பவளிடம் பெரும்பாலும் எவரும் ஒன்றும் வினவுவதில்லை. 1987இல் வெளியான எடின்பரோ வினாநிரலில் பத்தே வினாக்கள், தமிழிலும் உள்ளது. அவளிடம் அவற்றைக் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆகும்.